மும்மணி காட்டும் நெறி

கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள ஊர் கோலா தெர்லா. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் நிறைந்த வட்டாரம் அது. அங்கிருந்து தானா ராத்தாவுக்குச் செல்பவர்கள் திரிங்காப்பைக் கடந்து பிரிஞ்சாங் நகரை அடைவார்கள். பிரிஞ்சாங்கை ஒட்டிய மேட்டில் 1972ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு பெரிய பௌத்தக் கோயில் இருக்கிறது. அதன் பெயர் சாம் போ. கோலா தெர்லாவிலிருந்து எதிர்ப்புறமாகக் கம்போங் ராஜா வழியே மலையிறங்கி ஈப்போவுக்குச் சென்றாலும் இதே பெயரைக் காணலாம். அங்கே சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் அமைந்த கோயிலுக்குச் சாம் போ தோங் என்று பெயர்.

மலைநாட்டுத் தமிழ் மாணவர்கள் இக்கோயில்களைப் பலமுறை பார்த்திருப்பார்கள். சிவப்புத் தூண்கள், ஊதுபத்திப் புகை, கண்களைத் தாழ்த்தி அமர்ந்திருக்கும் புத்தர் சிலை ஆகியவை அவர்களுக்குப் பழகிய காட்சிகள். ஆயினும், "இது சீனர்களின் கோயில்" என்று சொல்லிக் கடந்துவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள். பள்ளியில் பக்கத்து இருக்கையில் அமர்பவரும், சந்தையில் பக்கத்துக் கடையில் விற்பவரும் பௌத்தராக இருக்கலாம். அவர்கள் எதை நம்புகிறார்கள்? அந்த நம்பிக்கைக்கும் தமிழுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண முதலில் சாம் போ என்னும் பெயரின் பொருளை அறிய வேண்டும்.

சாம் போ என்றால் சீனமொழியில் 'மூன்று அருமணிகள்' என்று பொருள். பௌத்தர்கள் போற்றும் அம்மூன்று மணிகள் புத்தர், தருமம், சங்கம் என்பவை. புத்தர் வழிகாட்டிய ஆசான். தருமம் அவர் காட்டிய நெறி. சங்கம் அந்நெறியில் நடக்கும் துறவியர் கூட்டம். இம்மூன்றையும் அடைக்கலமாக ஏற்பதே ஒருவர் பௌத்த நெறிக்குள் எடுத்து வைக்கும் முதல் அடி. தமிழில் இவற்றை 'மும்மணி' என்பர்.

கேள்வி கேட்ட இளவரசர்

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் சித்தார்த்தர் பிறந்தார். சாக்கியர் குலத்தைச் சேர்ந்த சுத்தோதனர் அவருடைய தந்தை, மாயாதேவி தாய். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்த அவரைச் சிற்றன்னை வளர்த்தார். துன்பம் என்பதே தெரியாத வகையில் தந்தை அவரைப் பாதுகாத்தார் என்பது வரலாற்று வழக்கு.

ஒருநாள் நகருலாச் சென்ற சித்தார்த்தர் ஒரு முதியவரைக் கண்டார். பின்னர் ஒரு நோயாளியையும், இறந்தவர் ஒருவரின் உடலையும் கண்டார். "எனக்கும் இது நேருமா?" என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. நான்காவதாக அமைதியே வடிவான ஒரு துறவியைக் கண்டபோது, இத்துன்பத்திற்கு மருந்து இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. தம் 29ஆம் வயதில் மனைவி யசோதரையையும் மகன் இராகுலனையும் விட்டு அரண்மனையிலிருந்து வெளியேறினார்.

ஆறு ஆண்டுகள் கடுந்தவம் செய்தார். உணவைச் சுருக்கி உடலை வாட்டினார். இன்பத்தில் மூழ்குவதும் உடலை வருத்துவதும் உண்மையைக் காட்டா என்பதை அனுபவத்தால் உணர்ந்து, நடுவழியைத் தேர்ந்தார். கயையில் ஓர் அரச மரத்தடியில் அமர்ந்து ஆழ்ந்து சிந்தித்தபோது உண்மை புலப்பட்டது. அப்போது அவருக்கு 35 வயது. அன்று முதல் அவர் 'விழித்தெழுந்தவர்' என்னும் பொருளில் புத்தர் என அழைக்கப்பட்டார். காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் ஐந்து துறவியருக்கு முதன்முதலாக அறம் உரைத்தார். பின்னர் 80ஆம் வயதில் மறையும்வரை ஊர் ஊராக நடந்து தம் நெறியை எடுத்துரைத்தார்.

ஒரு பிடி கடுகு

புத்தரின் போதனை எத்தகையது என்பதைக் கிசாகோதமியின் கதை தெளிவாகக் காட்டுகிறது. சாவத்தி நகரில் வாழ்ந்த இளந்தாய் அவள். அவளுடைய ஒரே மகன் நடை பழகும் வயதில் இறந்துபோனான். அவளால் அதை ஏற்க முடியவில்லை. இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்தபடி வீடு வீடாகச் சென்று மருந்து கேட்டாள். சிலர் இரங்கினர், சிலர் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றனர். ஒருவர் மட்டும் அவளைப் புத்தரிடம் அனுப்பி வைத்தார்.

"ஐயனே, என் பிள்ளைக்கு மருந்து தாருங்கள்" என்று அவள் கதறினாள்.

புத்தர் மறுக்கவில்லை. "ஒரு பிடி கடுகு கொண்டு வா, அம்மா. ஆனால், இதுவரை எவருமே இறந்திராத வீட்டிலிருந்து அதை வாங்கி வர வேண்டும்" என்றார்.

கடுகு இல்லாத வீடு ஏது? அவள் நம்பிக்கையோடு ஓடினாள். முதல் வீட்டில் கடுகு தந்தார்கள். "இங்கே யாரேனும் இறந்ததுண்டா?" என்று கேட்டாள். "சென்ற ஆண்டுதான் தந்தையை இழந்தோம்" என்றார்கள். அடுத்த வீட்டில் ஒரு மகள். அதற்கடுத்த வீட்டில் ஒரு கணவன். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது, இறப்பும் நிகழ்ந்திருந்தது. மாலைப்பொழுது வந்தபோது தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்பது அவளுக்கு விளங்கியது. தன் மகனைக் கொண்டுசென்று அடக்கம் செய்துவிட்டுப் புத்தரிடம் திரும்பி வந்தாள், சங்கத்திலும் சேர்ந்தாள்.

இக்கதையில் புத்தர் இறந்த குழந்தையை உயிர்ப்பிக்கவில்லை. "அழாதே" என்று சொல்லி அவள் வாயை அடைக்கவும் இல்லை. உண்மையை அவளே கண்டறியும்படி ஒரு வழியைக் காட்டினார். பௌத்த நெறியின் அடிப்படை இதுவே.

நான்கு வாய்மைகள்

தேர்ந்த மருத்துவர் முதலில் நோயைக் கண்டறிவார்; அதன் காரணத்தை ஆராய்வார்; குணமாகுமா என்று கூறுவார்; பின்னர் மருந்து தருவார். புத்தர் உரைத்த நான்கு வாய்மைகளும் இந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதலாவது, துன்பம் உண்டு. பிறப்பு, மூப்பு, பிணி, இறப்பு ஆகியவை துன்பம் தருபவை. விரும்பியவரைப் பிரிவதும், விரும்பாதவரோடு வாழ்வதும், நினைத்தது கிடைக்காமையும் துன்பமே.

இரண்டாவது, துன்பத்திற்குக் காரணம் உண்டு. அக்காரணம் வேட்கை. நிலைக்காத ஒன்றை நிலைக்க வேண்டும் என்று பற்றிக்கொள்ளும்போது மனம் நோகிறது. இவ்வேட்கைக்கு வேராக இருப்பது அறியாமை.

மூன்றாவது, துன்பத்தை நீக்க முடியும். வேட்கை அணைந்தால் துன்பமும் அணையும். எண்ணெய் தீர்ந்த விளக்கின் சுடர்போல ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றும் அடங்கிய அமைதிநிலையே நிருவாணம்.

நான்காவது, துன்பம் நீங்க வழி உண்டு. அதுவே எண்வகை நெறி.

பௌத்தம் துன்பத்தையே பேசும் சோர்வான சமயம் என்று சிலர் எண்ணுவர். நோயின் பெயரைச் சொன்னதோடு மருத்துவர் எழுந்து போய்விட்டால் அவ்வாறு எண்ணலாம். ஆனால், இங்கே நோயோடு மருந்தும் சொல்லப்படுகிறது.

எண்வகை நெறி

நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செயல், நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி ஆகிய எட்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. முதல் இரண்டும் அறிவைச் சார்ந்தவை. அடுத்த மூன்றும் ஒழுக்கத்தைச் சார்ந்தவை. இறுதி மூன்றும் மனப்பயிற்சியைச் சார்ந்தவை.

இவற்றை அன்றாட வாழ்வில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். எல்லாம் மாறும் என்று தெளிவாகக் காண்பது நற்காட்சி. பிறருக்குத் தீங்கு நினையாமை நல்லெண்ணம். பொய்யும் புறங்கூறலும் கடுஞ்சொல்லும் வீண்பேச்சும் தவிர்ப்பது நன்மொழி. கைப்பேசியில் தட்டி அனுப்பும் சொல்லுக்கும் இது பொருந்தும். உயிர்க்கொலை, திருட்டு ஆகியவற்றிலிருந்து விலகுவது நற்செயல். பிறரை ஏமாற்றாமலும் வருத்தாமலும் பொருள் ஈட்டுவது நல்வாழ்க்கை. பறித்த கொழுந்தை நிறுத்து, எடையைக் குறைக்காமல் எழுதும் கிராணியும், அழுகிய காயை அடியில் மறைக்காமல் விற்கும் வணிகரும் இந்த நெறியில் நிற்பவர்கள். தீய எண்ணத்தை விலக்கி நல்ல எண்ணத்தை வளர்ப்பது நன்முயற்சி. செய்வதை விழிப்போடு செய்வது நற்கடைப்பிடி. மனத்தை ஒருமுகப்படுத்தித் தியானத்தில் நிலைப்பது நல்லமைதி.

இல்லறத்தார் அனைவரும் துறவியர்போல் வாழ முடியாது. ஆகவே, அவர்களுக்குப் புத்தர் ஐந்து ஒழுக்கங்களை வகுத்தார். கொல்லாமை, திருடாமை, காமத்தில் நெறி தவறாமை, பொய் கூறாமை, அறிவை மயக்கும் மதுவை உண்ணாமை ஆகியவை அவை. இவற்றைப் பஞ்சசீலம் என்பர். இவை மேலிருந்து விதிக்கப்பட்ட கட்டளைகள் அல்ல. ஒருவர் தாமே விரும்பி ஏற்றுக்கொள்ளும் உறுதிமொழிகள்.

ஒரு குவளைத் தேநீர்

பௌத்தத்தின் மற்றொரு கொள்கை, எதுவும் தனித்துத் தோன்றுவதில்லை என்பதாகும். ஒவ்வொன்றும் பல காரணங்களைச் சார்ந்தே பிறக்கிறது. அக்காரணங்கள் மாறும்போது அதுவும் மாறுகிறது. இதைச் 'சார்பில் தோற்றம்' என்பர்.

மலைநாட்டு மாணவருக்கு இதை விளக்க ஒரு குவளைத் தேநீர் போதும். அந்தத் தேநீருக்குள் மழையும் மூடுபனியும் மலைமண்ணும் இருக்கின்றன. கொழுந்து பறித்தவரின் உழைப்பு இருக்கிறது. இலையை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்திய தொழிற்சாலையின் வெப்பமும் இருக்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தேநீர் இல்லை. இவை அனைத்தையும் நீக்கிவிட்டு, "இதுதான் தேநீர்" என்று தனியே ஒன்றைக் காட்டவும் முடியாது. 'நான்' என்று ஒவ்வொருவரும் கருதுவதும் இத்தகையதே என்கிறது பௌத்தம். உடல், நுகர்ச்சி, குறிப்பு, எண்ணம், உணர்வு என்னும் ஐந்தின் தொகுதியே மனிதர். அதற்குள் மாறாத 'நான்' என்று ஒன்று இல்லை. இக்கொள்கைக்கு அனாத்மம் என்று பெயர்.

செயலும் ஒரு காரணமே. நல்லெண்ணத்தோடு செய்வது நன்மையாகவும், தீய எண்ணத்தோடு செய்வது தீமையாகவும் விளையும் என்பதே கருமம் பற்றிய பௌத்த விளக்கம். இவ்விளைவு ஒரு பிறவியோடு முடியாமல் மறுபிறவியிலும் தொடரும் என்று பௌத்தர்கள் நம்புகின்றனர். அதனால், செயலுக்கு முன்னுள்ள எண்ணத்தைக் கவனிக்கவேண்டும் என்று அவர்கள் வலியுறுத்துவர். எல்லா உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று உணர்பவரிடம் அன்பும் அருளும் இயல்பாகவே வளரும்.

ஆராய்ந்து ஏற்றல்

உலகம் தொடக்கம் உடையதா, முடிவற்றதா என்னும் கேள்விகளுக்கு விடை கேட்டு வற்புறுத்திய ஒரு சீடருக்குப் புத்தர் ஓர் உவமை கூறினார். நச்சு அம்பு தைத்த ஒருவன், "எய்தவன் யார், அவன் ஊர் எது, வில் எந்த மரத்தால் ஆனது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தால், விடை வருமுன் உயிர் போய்விடும். முதலில் அம்பைப் பிடுங்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள், "ஒவ்வோர் ஆசிரியரும் தம் கொள்கையே உயர்ந்தது என்கிறார். யாரை நம்புவது?" என்று கேட்டனர். வழிவழியாக வந்தது என்பதாலோ, நூலில் உள்ளது என்பதாலோ, சொன்னவர் பெரியவர் என்பதாலோ மட்டும் ஒன்றை ஏற்க வேண்டா என்று புத்தர் கூறினார். அது தீங்கு தருமா, நன்மை தருமா என்று தாமே ஆராய்ந்து பார்த்து ஏற்கச் சொன்னார்.

தமிழில் மலர்ந்த பௌத்தம்

பௌத்தம் தமிழர்க்குப் புதிய சமயமன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை முழுமையான பௌத்தக் காப்பியம். கோவலன் மதுரையில் கொல்லப்பட்ட செய்தி கேட்ட மாதவி துயரம் தாங்காமல் அறவண அடிகளிடம் சென்றாள். அவளுக்கு அவர் நான்கு வாய்மைகளையும் ஐந்து ஒழுக்கங்களையும் உரைத்தார். கிசாகோதமியைப் போலவே மாதவியும் இழப்பின் வழியாகத்தான் இந்நெறிக்கு வந்தாள்.

அவளுடைய மகள் மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றுப் பசித்தவர்களுக்கு உணவளித்தாள். பூம்புகாரின் சிறைச்சாலை அவளுடைய வேண்டுகோளால் அறச்சாலையாக மாறியது. வஞ்சி நகரில் பல சமய அறிஞர்களின் கொள்கைகளைக் கேட்ட பின்பே, காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறத்தைக் கற்றுத் துறவு ஏற்றாள். எல்லாத் தரப்பையும் கேட்டு முடிவெடுத்த அவளுடைய செயல், காலாமர்களுக்குப் புத்தர் கூறிய அறிவுரைக்குத் தமிழ் இலக்கியம் தந்த சான்றாகும்.

11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை இயற்றினார். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்று அந்நூல் கூறுகிறது. அவலோகிதர் கருணையே உருவான போதிசத்துவர். அவரையே சீனர்கள் பெண் வடிவில் குவான் இன் என்று வழிபடுகின்றனர். மலேசியாவின் சீனக் கோயில்களில் வெண்ணிற ஆடையுடன் காட்சி தரும் அவ்வடிவத்தைப் பழைய தமிழ்ப் புலவர் ஒருவர் தமிழின் ஆசானாகப் போற்றியிருக்கிறார்.

மலேசிய மண்ணுக்கும் தமிழ்ப் பௌத்தத்திற்கும் நேரடித் தொடர்பும் உண்டு. ஸ்ரீவிஜய மரபைச் சேர்ந்த கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினார். கடாரம் என்பது இன்றைய கெடா. சைவரான முதலாம் இராசராச சோழன் கி.பி. 1006ஆம் ஆண்டையொட்டி அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இச்செய்தியைத் தெரிவிக்கின்றன. தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எழுப்பிய அதே மன்னன் பௌத்தப் பள்ளியையும் ஆதரித்தான்.

காலப்போக்கில் தமிழகத்தில் பௌத்தம் மறைந்தது. எனினும், சாதிக் கொடுமையை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதர் 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிறப்பால் எவரும் உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ அல்லர், செயலே ஒருவரை உயர்த்தும் என்னும் புத்தரின் கருத்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஊன்றுகோலாக இருந்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அம்பேத்கர் நாகபுரியில் பல இலட்சம் மக்களுடன் பௌத்தத்தைத் தழுவியதற்கும் இதுவே காரணம்.

அண்டை வீட்டாரை அறிதல்

வெசாக் எனப்படும் விசாக நாள் மலேசியாவில் பொதுவிடுமுறை. பௌத்தர்கள் அன்று புத்தரின் பிறப்பையும் ஞானம் பெற்றதையும் மறைவையும் நினைவுகூர்கின்றனர். கோயிலுக்கு மலர் கொண்டு செல்கின்றனர்; விளக்கேற்றுகின்றனர்; ஏழைகளுக்கு உதவுகின்றனர். இன்று அழகாக இருக்கும் மலர் நாளை வாடும் என்பதை நினைவூட்டவே மலர் படைக்கப்படுகிறது. இருளை அகற்றும் அறிவுக்கு விளக்கு அடையாளம்.

இவற்றை அறிந்துகொள்வதால் ஒருவர் தம் சமயத்தை விட்டுவிட வேண்டியதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கும் குடும்பத்துப் பிள்ளையும் சாம் போ கோயிலின் பொருளை அறியலாம். அறிந்தவரின் பார்வை மாறும். சீன நண்பரின் பாட்டி இறந்த வீட்டில் துறவியர் ஓதும் ஒலி கேட்டால், அது விளங்காத ஓசையாக இராது. இழப்பைச் சுமக்கும் ஒரு குடும்பம் மும்மணியை அடைக்கலமாகப் பற்றி நிற்கிறது என்பது புரியும். அந்த வீட்டுக்குச் சென்று அமைதியாகச் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வரத் தோன்றும்.

1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் உருவான காலத்திலிருந்து இம்மலையில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒராங் அஸ்லி மக்களும் அருகருகே வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய மொழி வேறு, வழிபாடு வேறு. ஆனால், கிசாகோதமி கோலா தெர்லாவுக்கு வந்து இறப்பு நுழையாத வீட்டில் ஒரு பிடி கடுகு கேட்டால், லயத்து வீட்டிலும் பண்ணை வீட்டிலும் கடைவீட்டிலும் அவளுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்.